தொண்ணூற்றொரு நாள் பெரட்டு

அத்தியாயம் 9

"மிஸ், ஒண்ணு கேக்கவா? நம்பர் குறைஞ்சா வெளிச்சம் கூடுமா?"

நோர்வூட்டைத் தாண்டிய முதல் வளைவில் ஆட்டோவை ஒடித்துத் திருப்பியபடியே கேட்டார் பைஸர்.

"ஆமா பைஸர் நானா. பன்னிரண்டுன்னா மங்கல். ஒம்பதுன்னா பளிச்."

"அப்ப இது பள்ளிக்கூட ராங்க் மாதிரி. நான் எப்பவும் நாப்பத்தொண்ணு. கண்ணுக்கே தெரியாத நட்சத்திரம்."

பிரியந்தி சிரித்துவிட்டு மடியிலிருந்த காகிதங்களைத் திரும்பப் புரட்டினாள். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில், ஒற்றை மேசை போட்டு விசாரணை அலுவலகம் நடத்துகிறவள் அவள். பொய்யான காப்புறுதிக் கோரிக்கைகளைப் பதினோரு வருடம் துருவிப் பார்த்த கண்கள். ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடியிருக்கிறாள், காணாமல் போன காணி உறுதிப் பத்திரத்தைத் தேடியிருக்கிறாள். நட்சத்திரத்துக்காக மலையேறுவது இதுதான் முதல் தடவை.

இன்று காலை வெளிநாட்டிலிருந்து அழைத்தவன் துஷாந்த். ஹட்டனில் பிறந்து வளர்ந்து, இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் வானியல் ஆராய்ச்சி செய்கிறவன்.

"அக்கா, ரெண்டு நட்சத்திரம் ஒண்ணையொண்ணு சுத்துது. ஒண்ணு உயிரோட இருக்கு. மத்தது செத்துப்போனது. செத்தும் சூடு ஆறல. வெள்ளையா, பூமி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கு. உயிரோட இருக்கிறது தன்கிட்ட உள்ள வாயுவ அதுக்கு ஊத்திக்கிட்டே இருக்கும். அது சேந்து சேந்து திடீர்னு ஒரு நாள் பத்திக்கும். அப்ப இருவது மடங்கு வெளிச்சம். சில நாள்ல அடங்கிரும்."

"சரி. இதுல குற்றம் எங்க இருக்கு?"

"இருக்கா இல்லையான்னுதான் கேக்கிறேன். அந்தச் செத்த நட்சத்திரத்தப் புற ஊதாக் கதிர்லதான் சரியாப் பாக்க முடியும். அந்தக் கதிர் காத்துமண்டலத்தத் தாண்டிக் கீழ வராது. அதனால விண்வெளியில இருக்கிற தொலைநோக்கிய அதுபக்கம் திருப்புறோம், நாளைக்குக் காலையில. ஆனா அது பத்திக்கிட்டு இருக்கிற நேரம் திருப்பினா உள்ள இருக்கிற கருவி கெட்டுரும். அதனால முந்தின ராத்திரி யாராவது கண்ணால பாத்து, 'தூங்குது, திருப்பலாம்'னு சொல்லணும்."

அப்படிச் சொல்கிறவர்கள் சம்பளமில்லாத ஆர்வலர்கள். உலகம் முழுக்க, வீட்டு முற்றத்தில் சின்னத் தொலைநோக்கி வைத்திருக்கிறவர்கள். இந்தப் பக்கத்து ராத்திரிக்கு மூன்று பேர். இந்தியாவில் ஒருவருக்கு ஒரு வாரமாய் மூட்டம், இன்னொருவரின் கருவி பழுது. மூன்றாமவர் பொகவந்தலாவையில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர், கிஷாந்த்.

"இந்த நட்சத்திரத்தப் பாருங்கன்னு ரெண்டு வருஷமா எழுதி எழுதி எங்கள இழுத்ததே அவர்தான்கா. ஆனா இப்ப கொஞ்ச நாளா அவர் ரிப்போர்ட் எனக்குச் சரியாப் படல. கோல் எடுத்தா கட் பண்றார். இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள எனக்கு ஒரே பதில்தான் வேணும். அந்த ஆள நம்பலாமா, கூடாதா?"

ஆட்டோ வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் தேயிலை.

"நானா, இதக் கேளுங்க. போன வருஷம் பூரா இவர் பாதி நாள்தான் ரிப்போர்ட் அனுப்பியிருக்கார். மத்த நாளெல்லாம் மழை, பனி. இங்க அதுதான் நியாயம். ஆனா நவம்பர் பதினெட்டுல இருந்து நேத்து வரைக்கும் தொண்ணூத்தொரு நாள். ஒரு நாள் கூடத் தவறல."

"தொண்ணூத்தொரு நாளா?" பைஸர் தலையைத் திருப்பினார். எதிரே வந்த பஸ் ஹோர்ன் அடித்ததும் மீண்டும் முன்னால் திருப்பினார். "டிசம்பர்ல நான் பொகவந்தலாவ ஹயர் வந்து, முன்னுக்குப் போற மாடு எங்கன்னு தெரியாம அது வால்லயே இடிச்சேன் மிஸ். அந்தப் பனிக்குள்ளயா நட்சத்திரம் பாத்தாரு?"

"அதுதான். சில நாள் முந்தின நாள் நம்பரே அப்படியே திரும்பி வருது. நவம்பர் பதினெட்டு அன்னைக்கு இந்த மனுசனுக்கு ஏதோ நடந்திருக்கு."

"கல்யாணம் நடந்திருக்கும். அதுக்குப் பொறகுதான் ஆம்புளைக்கு வீட்ல தூக்கம் வராது."

பொகவந்தலாவை பஜாரில் விசாரிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். கிஷாந்தின் நெருங்கிய நண்பன் ஜீவராஜ் நடத்தும் கைப்பேசிக் கடை. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி ஒரு கைப்பேசியைப் பிரித்துக்கொண்டிருந்தவன், கிஷாந்த் பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினான்.

"சார பாக்க வந்தீங்களா? எங்க இருந்து?"

"ஹட்டன். அவரோட தொலைநோக்கி விஷயமா."

ஜீவராஜ் மேசையிலிருந்த சின்னத் திருகாணிகளை ஒரு மூடிக்குள் சேர்த்தான்.

"அவன் செத்துட்டான் மிஸ். நவம்பர் பதினெட்டு. சின்ன வயசுல இருந்தே சீனி வருத்தம். கடைசியில கிட்னி ரெண்டும் போயிருச்சு."

பைஸர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிரியந்தி காகிதங்களை மெதுவாக மடித்தாள். நவம்பர் பதினெட்டு அன்று இரவும் ரிப்போர்ட் போயிருக்கிறது. மறுநாள், அடக்கம் நடந்த அன்றும் போயிருக்கிறது.

"அப்ப அவர் பேர்ல இப்ப அனுப்புறது யாரு தம்பி?"

"நான்தான்," என்றான் ஜீவராஜ். பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தது. "சும்மா, அவன் ஞாபகத்துக்கு. தப்புன்னா நிப்பாட்டிர்றேன். வேற யாரையும் கேக்காதீங்க."

"நீங்களே பாத்து அனுப்புறீங்களா?"

"ஆமாங்க. ஒவ்வொரு நாளும்."

"நேத்து பன்னிரண்டரை. இன்னைக்குப் பதிமூணுன்னு வந்தா என்ன அர்த்தம்?"

"என்ன, வெளிச்சம் கூடிருச்சுன்னு அர்த்தம்."

பைஸர் தொண்டையைச் செருமினார். "தம்பி, இது ராங்க் மாதிரி. பதிமூணு வந்தா வீட்ல அடி விழும்."

ஜீவராஜின் முகம் சிவந்தது. பிரியந்தி அவனைக் கோபிக்கவில்லை. இப்படி ஒரு பொய்யைச் சொல்லும் நண்பன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்றுதான் தோன்றியது.

"யாரையோ காப்பாத்துறீங்க. காட்டிக்குடுக்க வேணாம். நானே சொல்றேன், சரியா இல்லையான்னு மட்டும் பாருங்க." அவள் கடை வாசலில் நின்று எதிரே தெரிந்த மலையைப் பார்த்தாள். கொழுந்து பறிக்கும் பெண்களின் வரிசை சரிவில் நகர்ந்துகொண்டிருந்தது. "வானம் பாக்கிறவங்க பனி வந்தா படுத்துத் தூங்குவாங்க. அதுதான் அவங்க வழக்கம். மழையோ பனியோ, வேலை இருக்கோ இல்லையோ, ஒரு நாளும் தவறாம வந்து நின்னு முகத்தக் காட்டிட்டுப் போறது யாரு வழக்கம்?"

பைஸர் அவள் பார்வை போன திசையைப் பார்த்தார். "பெரட்டு," என்றார் மெதுவாக.

தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரும் கூடி நின்று பெயர் கொடுக்கும் இடம் அது. மழை கொட்டினாலும் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்குப் பெயர் விழாது. தொடர்ந்து நிற்காவிட்டால் பெயரையே வெட்டிவிடுவார்கள்.

"அவர் வீட்ல மலைக்குப் போறது யாரு தம்பி?"

ஜீவராஜ் பூதக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். ஈரமான கண்ணுக்கு அது நல்ல மறைவு.

"அவங்க அம்மா. வேலாயி. திட்டிராதீங்க மிஸ்."

லோன்வில் தோட்டத்து மேல் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு அவர்கள் ஏறிச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. பத்து வீட்டு லயத்தின் கடைசிக் காம்பரா. பக்கத்தில் லீக்ஸ் போட்ட சின்னத் தோட்டம். அதன் நடுவே ஆள் உயரத்துக்கு ஏதோ நின்றது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குச் சீலையை அதற்குச் சுற்றி, கயிறு போட்டு, பறவைக் கூடு கட்டியது போல் பக்குவமாகக் கட்டியிருந்தது.

"தொலைநோக்கிய மலைக்கு அனுப்பத் தயாராக்கி வச்சிருக்காங்க," என்றார் பைஸர். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வரவில்லை.

வேலாயி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்துக் கறை பிடித்த விரல்கள். ஹட்டன் என்றதும், துஷாந்த் என்ற பெயரைச் சொன்னதும், அவர் உட்காரச் சொன்னதோடு சரி. தேத்தண்ணி வந்தது. கையில் கொட்டிய சீனியைக் கடித்துக்கொண்டே குடித்தார்கள்.

சுவரில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளோடு நிற்கும் ஒரு மெலிந்த இளைஞனின் படம். அதற்குக் கீழே நாட்காட்டி.

"போலீசுக்குச் சொல்லுவீங்களா மிஸ்?" கடைசியில் வேலாயிதான் கேட்டார்.

"இதுல போலீசுக்கு என்னம்மா வேலை? நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறேன்."

"கடைசி ஒரு வருஷம் அவனால வெளிய நிக்க முடியல. கண்ணும் மங்கிருச்சு, அந்தச் சீனியாலதான். உள்ள படுத்துக்கிட்டு, 'ம்மா, நீ பாத்து சொல்லு'ம்பான். நான் சொல்லுவேன், அவன் நம்பர் போடுவான். பொறகு அதையும் எனக்கே போடச் சொல்லித் தந்தான்." அவர் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். வட்டத்துக்குள் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தமிழில் ஒரு பெயர். காளியாயி, ராக்கு, செல்லம்மா. பக்கத்தில் எண்கள்.

"இவங்கெல்லாம் யாரு?"

"எங்கூட மலைக்குப் போறவங்க." வேலாயியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பின் நிழல் வந்து போனது. "காளியாயிதான் பளிச்சுன்னு முன்னுக்கு நிப்பா. செல்லம்மா ஒதுங்கி நிப்பா, தேடணும். இந்தச் சிவப்பு வட்டம் போட்டது எப்பவும் செல்லம்மாள விடக் கொஞ்சம் மங்கலா இருக்கும். அப்பிடி இருந்தா தூங்குதுன்னு அர்த்தம். அவன் வச்ச பேரு இதெல்லாம். இல்லாட்டி எனக்கு நட்சத்திரம் எங்க மனசுல நிக்கும்?"

"அவர் போன அன்னைக்கும் பாத்தீங்களா?"

"அன்னைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியில போச்சு. போற வரைக்கும், 'ஏழு மணியாச்சாம்மா, ஏழு மணியாச்சாம்மா'ன்னுதான் கேட்டான். உடம்ப வீட்டுக்குக் கொண்டாந்து போட்டிருக்கு, சனம் அழுவுது, நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். ஒருத்தி மலையில மயங்கி விழுந்தா அவ கொழுந்து எடுக்கிற நிரைய பக்கத்து நிரைக்காரி எடுத்துக்கிருவா. பாதியில விட்டுட்டுப் போக மாட்டோம். அது மாதிரிதான். அவன் நிரைய நான் எடுத்துக்கிட்டேன்."

பைஸர் எழுந்து வாசலுக்குப் போய், வானத்தைப் பார்ப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பனி அன்னைக்கு என்ன செஞ்சீங்கம்மா?" பிரியந்தி மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

வேலாயி தலை குனிந்தார். "பனி அன்னைக்கு என்ன போடுறதுன்னு அவன் சொல்லித் தரல. அவன் இருக்கையில அவன் பாத்துக்கிட்டான். நான் குடையப் புடிச்சிக்கிட்டு நிப்பேன், விலகுமா விலகுமான்னு. விலகாது. ஒண்ணும் போடாட்டி அவன் பேர வெட்டிருவாங்கன்னு பயம். நேத்து நம்பரயே போட்டுருவேன்." அவர் கை நாட்காட்டியைக் காட்டியது. "போட்ட நாளெல்லாம் புள்ளி வச்சிருக்கேன். களவுன்னு தெரியும் மிஸ்."

பிரியந்தி எண்ணினாள். தொண்ணூற்றொரு நாளில் ஐம்பத்து நான்கு புள்ளிகள். முப்பத்தேழு நாள்தான் உண்மை.

அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. இந்த ஆளை நம்பக் கூடாது. ஒரு வரியில் எழுதி அனுப்பிவிட்டு மலையிறங்கலாம். கைப்பேசியை எடுத்தவள், வாசலில் நின்ற பைஸரின் குரல் கேட்டு நிறுத்தினாள்.

"மிஸ். வானம் சுத்தமா இருக்கு."

ஏழு பத்துக்கு வேலாயி படங்கை அவிழ்த்தார். மேற்கே, நேர் எதிர் மலைக்கு மேலே, நட்சத்திரங்கள் கழுவி வைத்தது போல் இருந்தன. குழாயைத் திருப்பிய அந்தக் கைகளில் தயக்கமே இல்லை. குனிந்து ஒரு கண்ணை வைத்தார்.

"காளியாயி இருக்கா. ராக்கு இருக்கா..."

சத்தம் நின்றது. கண்ணை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்ப வைத்தார். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தார்.

"என்னம்மா?"

"காளியாயிய விட வெளிச்சமா நிக்குது புள்ள." நிமிர்ந்தவரின் குரல் உடைந்திருந்தது. "முழிச்சிருச்சு."

பிரியந்தியும் குனிந்து பார்த்தாள். காகிதத்தில் கிஷாந்த் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்த இடத்தில், மங்கலாக மட்டுமே ஏதாவது தெரிய வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"முழிச்சிருச்சுன்னு போட்டா நாளைக்குப் பாக்க மாட்டாங்கதானே?"

"பாக்க மாட்டாங்கம்மா."

"பொறகு?"

"தெரியாது. அந்தத் தொலைநோக்கிக்கு வரிசையில நிறையப் பேர் நிக்கிறாங்களாம்."

வேலாயி மகனின் கைப்பேசியைக் கையில் எடுத்தார். அதன் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. "ரெண்டு வருஷம் இந்த ஒரு நாளுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தான். சாகுறதுக்கு முந்தின வாரம் கூட, 'பெப்ரவரி வரைக்கும் இழுத்துப் புடிச்சிரணும்மா'ன்னான்." விரல் எண்களின் மேல் நின்றது. "அம்பத்துநாலு நாள் நேத்து நம்பரப் போட்டேன். இன்னைக்கும் அதையே போட்டா யாருக்குத் தெரியும்?"

பிரியந்திக்குத் தெரியும். பைஸருக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மாள் கேட்டது அதையல்ல என்பதும் தெரிந்தது. கைப்பேசியைப் பிடுங்குவது எளிது. அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"போட்டா, நாளைக்கு விண்வெளியில இருக்கிற தொலைநோக்கிய அங்க திருப்புவாங்கம்மா. இவ்வளவு வெளிச்சத்த அதால தாங்க முடியாது. அதோட கண்ணு கெட்டுப் போயிரலாம்."

"கண்ணா?"

"நமக்குப் பாக்க முடியாதத எல்லாருக்காகவும் பாக்கிற கண்ணு அது."

வேலாயி திரும்பி, திறந்திருந்த காம்பராக் கதவைப் பார்த்தார். உள்ளே ஒரு வெறுங்கட்டில். அதில் படுத்தபடி, மங்கிய கண்களோடு, ஏழு மணியாச்சா என்று ஒருவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஒரு கண்ணு போனது போதும்," என்றார்.

காகிதத்தில் காளியாயிக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்தார். அதிலிருந்து கொஞ்சம் குறைத்து, ஒன்பது புள்ளி ஒன்று என்று போட்டு அனுப்பினார். பிறகு லீக்ஸ் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, அந்த மூன்று மாதத்திலும் அழாத அழுகையைச் சத்தமாக அழுதார். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காளியாயி என்ற உயரமான பெண்தான் முதலில் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது துஷாந்தின் அழைப்பு வந்தது. பிரியந்தி எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், புள்ளிகள் உட்பட.

"அவர் செத்ததே எனக்குத் தெரியாம, 'நாளைக்கு நம்ம நாள் சார்'னு இன்னைக்குக் காலையில மெசேஜ் போட்டேன்கா."

"அவங்களுக்கு வாசிச்சுக் காட்டவா?"

"வேணாம்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நாளையத் திட்டத்த ரத்துப் பண்ணச் சொல்லிட்டேன். கருவியக் காப்பாத்திட்டாங்க. ஆனா அந்த அம்பத்துநாலையும் அழிக்கணும். கிஷாந்த் சார் பேர்ல கடைசி ரிப்போர்ட் நவம்பர் பதினேழோட முடிஞ்சிரும். அதுக்குப் பொறகு உள்ள முப்பத்தேழும், இன்னைக்கு வந்ததும், பாத்தவங்க பேர்லதான் போகணும். அவங்க முழுப் பேரக் கேட்டுச் சொல்லுங்க."

பிரியந்தி அதைச் சொன்னபோது வேலாயி முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பேரா? எனக்கெதுக்கு? அவன் பேரு நிக்கணும்னுதானே நின்னேன்."

காளியாயி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது பிரியந்தி தன் எண்ணைக் காகிதத்தின் ஓரத்தில் எழுதினாள். "இனி பனி வந்தா பனின்னு எழுதி எனக்குப் போடுங்கம்மா. நான் அவங்களுக்குச் சொல்லிர்றேன். இங்க பனிக்கு யாரும் பேர வெட்ட மாட்டாங்க."

வழியெல்லாம் பைஸர் ஒரு பகிடிகூட விடவில்லை. ஹட்டன் ஸ்டேஷன் விளக்குகள் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "வீட்டுக்குப் போய் உம்மாவுக்கு ஒரு கோல் எடுக்கணும் மிஸ்."

மறுநாள் மத்தியானத்திலிருந்தே மலை முழுக்கப் பனி. அலுவலக ஜன்னலிலிருந்து எதிரே இருந்த பஸ் நிலையம்கூடத் தெரியவில்லை. ஏழு பத்துக்கு மேசையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. கிஷாந்தின் எண்.

பிரியந்தி படித்துவிட்டு பைஸரிடம் நீட்டினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தியிருக்க வேண்டும்.

'இன்னைக்கு பனி. பார்க்கல. வேலாயி.'

பைஸர் அதை இரண்டு முறை படித்தார்.

"தொண்ணூத்திமூணாவது நாள்," என்றார். "முதல் லீவு."